வீட்டில் தெரிகிற படம் சர்வரில் ஏன் தெரிவதில்லை?

இணையதளத்தை வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்தால் பளிச்சென்று வருகிறது. ஃபைல்களை அனுப்பும் புரோகிராமான ஃபைல்ஸில்லாவில் இழுத்துப் போட்டு சர்வரில், அதாவது தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் கம்ப்யூட்டரில், ஏற்றியதும் பாதிப் படங்களைக் காணோம். அப்லோடுதான் சரியாக நடக்கவில்லை என்று அதே ஃபைல்களைத் திரும்பத் திரும்ப ஏற்றுகிறவர்கள் ஏராளம்.

கோளாறு பெரும்பாலும் பெயரில் இருக்கும். வீட்டில் விண்டோஸ், சர்வரில் பெரும்பாலும் லினக்ஸ். விண்டோஸுக்கு கேப்பிடல் லெட்டரும் ஸ்மால் லெட்டரும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை வேறு வேறு. பல கேமராக்கள் தரும் படங்களில் பெயரின் வால், அதாவது ஜேபிஜி, கேப்பிடலில் இருக்கும். கோடில் நாம் ஸ்மாலில் அடித்திருப்போம். விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் 404, அதாவது அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று கைவிரித்துவிடும். எல்லாப் பெயரையும் ஸ்மால் லெட்டரில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். வேண்டுமானால் நடுவில் ஹைஃபன் போடலாம். பெயரை மாற்றி மறுபடி ஏற்றினால் பழையது தானாகப் போகாது, இரண்டும் அங்கேயே கிடக்கும். அதை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

படத்துக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசையாக இருக்கும். வைக்கலாம், ஆனால் ‘அம்மா’ என்ற மூன்றெழுத்து, லிங்க்கை காப்பி செய்யும்போது சதவீதக் குறிகளோடு 45 எழுத்தாக நீண்டுவிடும். பக்கத்தின் தலைப்பு தமிழில் இருக்கட்டும், ஃபைல் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதே வசதி.

பெயர்க் குழப்பத்தால் படம்தான் தெரியாமல் போகும். அடுத்த தவறில் பாஸ்வேர்டே போய்விடும். தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸை வைத்திருப்பவர்கள், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு போன்ற அமைப்புகள் எழுதியிருக்கும் கான்ஃபிக் ஃபைலில் கைவைக்கும் முன், ‘பாதுகாப்புக்காக’ அதன் வாலை மாற்றி, பிஎச்பி என்பதற்குப் பதில் ஓல்டு, பேக் என்று ஒரு நகல் எடுத்து அதே ஃபோல்டரில் போட்டு வைப்பார்கள். பிஎச்பி ஃபைலை சர்வர் தானே இயக்கி விடையை மட்டும்தான் அனுப்பும், உள்ளே இருப்பதைக் காட்டாது. வால் மாறிவிட்டால் அதற்கு அது வெறும் எழுத்து. யார் கேட்டாலும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உட்பட. இப்படிப்பட்ட பெயர்களை வரிசையாகக் கேட்டுப் பார்ப்பதற்கென்றே ஓடும் புரோகிராம்கள் உண்டு. நகலை வீட்டுக் கம்ப்யூட்டரில் வையுங்கள்.

சர்வருக்கு ஃபைல் அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியில் இணைவதும் இதே ரகம். 1971இல் பிறந்த முறை அது. உங்கள் பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்பும். அதற்குப் பதில், மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபி என்பதைத் தேர்ந்தெடுங்கள். போர்ட், அதாவது சர்வரில் இணையும் வாசலின் எண், 21 போய் வழக்கமாக 22 ஆகும். சில ஹோஸ்டிங்கில் வேறு எண் கொடுத்திருப்பார்கள். ஃபைல்ஸில்லாவில் பாஸ்வேர்டுகளைச் சேமிப்பவர்கள் அவற்றைப் பூட்டி வைக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு ஒன்றும் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அந்தக் கம்ப்யூட்டரில் நுழைகிற எவரும் அவற்றை எடுத்துவிடலாம்.

ஏதாவது ஓடவில்லை என்றதும், ஃபைலை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று சொல்லும் பர்மிஷன் எண்ணை 777 ஆக்கு என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். சர்வரில் உள்ள எவர் வேண்டுமானாலும் அந்த ஃபைலை மாற்றி எழுதலாம் என்று அனுமதி கொடுப்பது அது. ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644, பெரும்பாலான தளங்களுக்கு இது போதும்.

ஏற்றும்போது அதே பெயரில் ஃபைல் இருந்தால் ‘மேலெழுதலாமா’ என்று கேட்கும். அவசரத்தில் ஓகே தட்டினால் பழையது போனதுதான், சர்வரில் ரீசைக்கிள் பின் கிடையாது. தட்டுவதற்கு முன் பழையதை ஒருமுறை டவுன்லோடு செய்து வையுங்கள். புதியதை ஏற்றிய பிறகும் பழைய பக்கமே தெரிந்தால் உடனே மறுபடி ஏற்ற ஓடாதீர்கள். கன்ட்ரோலையும் எஃப்5ஐயும் சேர்த்து அழுத்துங்கள்; பிரவுசர் பழைய நகலைக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும்.