புரோபோபால் மயக்கத்தைக் கணினியில் மாதிரியாக்குவது எப்படி?

அறுவைக்கு முன் கொடுக்கும் அளவில் புரோபோபால் என்ற மயக்க மருந்து ரத்தநாளத்தில் ஏறினால், ஒரு நிமிடத்துக்குள் நோயாளி கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை. மருந்து, நரம்பணுக்களை அடக்கிவைக்கும் காபா-ஏ ஏற்பிகளின் தடுப்பு வேலையைக் கூட்டுகிறது என்பது தெரிந்த சங்கதி. அதனால் முழு மூளையின் இயக்கம் எப்படி மாறுகிறது என்று பார்க்க, தொடங்குபவர்களுக்கு ஏற்றது ஹோப் மாதிரி, அதாவது ஒவ்வொரு மூளைப் பகுதியையும் ஓர் அலைவியாக எடுத்துப் பிணைக்கும் கணித மாதிரி. பைத்தானும் சாதாரண மடிக்கணினியும் போதும்.

இரண்டு தரவுகள் தேவை. ஒன்று, மூளைப் பகுதிகளுக்கிடையே உள்ள நரம்பிழைகளின் அடர்த்தி அட்டவணை. மூளையைப் பகுதிகளாகப் பிரிக்கும் டெசிகன்-கில்லியானி பகுப்பில் புறணிக்கு 68 பகுதிகள், ஆகவே 68-க்கு 68 அணி. மூலைவிட்டத்தைச் சுழியமாக்கி, மிகப்பெரிய மதிப்பு 0.2 ஆகும்படி முழு அணியையும் சுருக்குங்கள். ஸ்கேனிலிருந்து நரம்பிழைகளின் பாதையைக் கணிக்கும் இழைத்தடமறிதல் இரு அரைக்கோளங்களுக்கிடையிலான நீண்ட இணைப்புகளைக் குறைத்தே காட்டும். மாதிரியில் இடமும் வலமும் ஒட்டாமல் போனால் முதலில் இங்கே பாருங்கள். இரண்டாவது, ஒரே ஆட்களின் விழிப்பு, மயக்க நிலை எஃப்எம்ஆர்ஐ (மூளை இயக்கத்தை ரத்த ஓட்ட மாற்றத்தால் காட்டும் ஸ்கேன்) பதிவுகள். ஓப்பன்நியூரோ தளத்தில் புரோபோபால் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 0.04 முதல் 0.07 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுங்கள். இரு நிலைக்கும் படங்களின் எண்ணிக்கை சமமாக இருக்கட்டும். விழித்திருப்பவர் தலையை அதிகம் அசைப்பார். மயங்கியவர் மூச்சு குறைந்து கரியமில வாயு ஏறினால் ரத்தக்குழாய் விரியும். இரண்டையும் சரிசெய்யாவிட்டால் நீங்கள் அளப்பது நனவையல்ல.

ஒவ்வொரு பகுதியும் ஓர் அலைவி. அதன் போக்கை 'ஏ' என்ற எண் தீர்மானிக்கிறது: எதிர்மறையானால் இரைச்சல் தட்டினால் மட்டும் அசைந்து அடங்கும், நேர்மறையானால் தானே ஆடிக்கொண்டிருக்கும். எல்லாப் பகுதிக்கும் −0.02, இரைச்சலுக்கு 0.02 என்று தொடங்கலாம். அலைவெண்ணைத் தரவின் உச்சத்திலிருந்து எடுத்து 2π-ஆல் பெருக்குங்கள்: 0.05 ஹெர்ட்ஸ் என்றால் 0.314. இந்தப் பெருக்கலை மறப்பதுதான் நிரலில் அடிக்கடி நடக்கும் பிழை. காலப்படி 0.1 வினாடி. முதல் 1000 வினாடிகளை எறிந்துவிட்டு, மீதியை ஸ்கேனர் படமெடுத்த அதே இடைவெளியில் பொறுக்கி, அதே வடிகட்டியில் செலுத்துங்கள்.

இனி பகுதிகளை எவ்வளவு வலுவாகப் பிணைப்பது என்று சொல்லும் எண் 'ஜி'. விழிப்புக்கும் மயக்கத்துக்கும் தனித்தனியாக இதைத் தேட வேண்டும். 0 முதல் 3 வரை 0.05 இடைவெளியில் 61 மதிப்புகள், ஒவ்வொன்றுக்கும் 20 ஓட்டம். மாதிரிக்கும் தரவுக்குமான பொருத்தம் விளிம்பில் உச்சமடைந்தால் வரம்பை நீட்டுங்கள். சராசரி இணைப்பு அணியை (எந்தப் பகுதிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அட்டவணை) மட்டும் ஒப்பிட்டால் அகன்ற மேடுதான் கிடைக்கும், எந்த 'ஜி' சரி என்று தெரியாது. அதனால் இணைப்பு காலப்போக்கில் மாறும் விதத்தையும் ஒப்பிட வேண்டும். 60 வினாடிச் சன்னலை ஒரு படம் ஒரு படமாக நகர்த்தி, ஒவ்வொரு சன்னலின் இணைப்பு அணியும் மற்றவற்றோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஜோடி ஜோடியாகக் கணக்கிடுங்கள். 0.04 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று 25 வினாடி. சன்னல் அதைவிடச் சிறிதானால் இல்லாத ஏற்றத்தாழ்வெல்லாம் தெரியும். 2 வினாடிக்கு ஒன்றாக 240 படங்கள் என்றால் 211 சன்னல்கள், 22,155 ஜோடிகள். இந்த ஒப்புமைகளின் பரவலையும் மாதிரியின் பரவலையும், இரண்டு பரவல்கள் எவ்வளவு விலகுகின்றன என்று சொல்லும் கோல்மோகொரொவ்-ஸ்மிர்னோவ் தூரத்தால் ஒப்பிடுங்கள். தூரத்தை மட்டும் எடுங்கள். சன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் அந்தச் சோதனை தரும் நிகழ்தகவுக்கு அர்த்தமில்லை.

மயக்க நிலையில் பொருத்தம் அருமையாக வந்தால் உடனே மகிழ வேண்டாம். புரோபோபால் மயக்கத்தில், எஃப்எம்ஆர்ஐயில் தெரியும் இணைப்பு நரம்பிழை அமைப்பையே ஒத்துப்போகத் தொடங்குகிறது. 2015-இல் குரங்குகளில் இது காட்டப்பட்டது. ஆகவே எந்த மாதிரியும் இல்லாமல், உங்கள் இழை அணியையே நேரடியாகத் தரவோடு ஒப்பிட்டு, மாதிரி அதைவிட எவ்வளவு மேல் என்று பாருங்கள். தெரிந்த 'ஏ', 'ஜி' கொண்டு போலித் தரவு உருவாக்கி அதே எண்கள் திரும்பக் கிடைக்கின்றனவா என்றும் சோதியுங்கள். ஏனெனில் 'ஏ', 'ஜி' இரண்டில் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும்.

எங்கள் கணிப்பில் பொருத்துவது பாதி வேலைதான். மாதிரியைக் குத்திப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பகுதியின் 'ஏ'-யை 100 வினாடி +0.1 ஆக்கிவிட்டுப் பழைய மதிப்புக்குக் கொண்டுவாருங்கள். அலை எவ்வளவு தூரம் பரவுகிறது, அடங்க எவ்வளவு நேரம் என்று அளங்கள். குத்திய ஓட்டத்துக்கும் குத்தாத ஓட்டத்துக்கும் ஒரே இரைச்சல் வரிசையைக் கொடுத்தால், வித்தியாசம் முழுவதும் குத்தலின் விளைவாகவே இருக்கும். ஆழ்ந்த தூக்கத்துக்குப் பொருத்திய மாதிரிகள் விழிப்பைவிடச் சீக்கிரம் அடங்குகின்றன. மனிதரில் இதற்கு நிகரானது, மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து ஈஈஜியில் (மூளையின் மின்னலைப் பதிவில்) பதில் வாங்கும் சோதனை. 2013-இல் வெளியான பிசிஐ குறியீடு, அதாவது அந்தப் பதில் எவ்வளவு சிக்கலானது என்ற அளவு, அதிலிருந்து வந்தது.

கெட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்தின் தரவு கிடைத்தால் பொருத்தத்தில் சேர்க்காமல் கடைசிச் சோதனைக்கு ஒதுக்குங்கள். கெட்டமினில் பதில் சொல்லாமல் கிடந்தவர்கள் விழித்தபின் கனவுகளைச் சொன்னார்கள், பிசிஐயும் தாழவில்லை. புரோபோபாலில் தாழ்ந்தது. உங்கள் மாதிரி இரண்டு மருந்துக்கும் ஒரே விடை தந்தால், அது பிடித்திருப்பது நனவிழப்பையல்ல, பதிலில்லாமையை.