லாஜிக்கல் வால்யூம்களோடு ஒரு மீட்பு அமைப்பு: லினக்ஸ் வட்டைப் பிரிக்கும் முறை

சென்னையில் ஒரு கிரவுண்டு மனையை, அதாவது 2400 சதுர அடியை, இரண்டாகப் பிரித்து நடுவே மதில் எழுப்பிவிட்டால், பிறகு ஒரு பக்கத்துக்கு நான்கடி கூடுதலாகத் தேவைப்பட்டாலும் மதிலை இடித்தே ஆக வேண்டும். வட்டின் நிலையான பிரிவுகளான சாதாரண பார்ட்டிஷன்களும் அப்படித்தான். எல்விஎம் (லாஜிக்கல் வால்யூம் மேனேஜர்) முறையிலோ வட்டின் பெரும்பகுதி வால்யூம் குரூப் என்னும் பொது நிலமாகக் கிடக்கும். அதிலிருந்து வேண்டிய அளவுக்கு லாஜிக்கல் வால்யூம்களை ஒதுக்கிக்கொள்ளலாம், பின்னர் பெருக்கியும் கொள்ளலாம்.

ரிச்சி தெருவில் வாங்கிவந்த 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை நிறுவுவதாகக் கொள்வோம்; அன்றாடம் பயன்படுத்த ஒரு முதன்மை அமைப்பு, அது பழுதானால் சரிசெய்ய ஒரு சிறிய மீட்பு அமைப்பு என இரண்டு டெபியன்கள். கணினி அதை 465 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்; தயாரிப்பாளர் 1000இன் மடங்கிலும் கணினி 1024இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது. பழைய வட்டாக இருந்தால், அதிலுள்ள கோப்புகளை முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.

நிறுவியில் கைமுறைப் பிரிப்பைத் தேர்ந்து நான்கு பார்ட்டிஷன்களை உருவாக்குங்கள்: கணினி எழும்போது முதலில் படிக்கும் இஎஃப்ஐ பகுதிக்கு 512 எம்பி, மீட்பு அமைப்புக்கு 12 ஜிபி, முதன்மை அமைப்பின் பூட் பகுதிக்கு 1 ஜிபி, மீதி முழுவதும் எல்விஎம்முக்கு. முதல் மூன்றும் எல்விஎம்முக்கு வெளியே இருப்பது முக்கியம். வால்யூம் குரூப் பழுதானாலும், எந்த அமைப்பை எழுப்புவது என்று கேட்கும் கிரப் பட்டியல் திரையில் வரவேண்டும், அதிலிருந்து மீட்பு அமைப்பு எழவேண்டும்; மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்பதில் பயனில்லை.

மீட்பு அமைப்பை முதலில் நிறுவுங்கள். வரைகலைத் திரை அதற்குத் தேவையில்லை; ஆனால் எல்விஎம்2 பொதியை மறவாமல் சேர்க்க வேண்டும், இல்லையேல் அவசர நேரத்தில் வால்யூம்கள் அதன் கண்ணுக்கே படா. அடுத்து முதன்மை அமைப்பை நிறுவும்போது, 12 ஜிபி பார்ட்டிஷனைப் பயன்படுத்த வேண்டாம் என்று குறித்துவிட்டு, நான்காவதை பிசிக்கல் வால்யூமாக்கி, அதாவது எல்விஎம்மின் பொறுப்பில் விட்டு, அதன்மேல் வால்யூம் குரூப் அமைத்து, அமைப்பின் கோப்புகள் இருக்கும் ரூட்டுக்கு 40, நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்கு 8, உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோமுக்கு 150 ஜிபி ஒதுக்குங்கள். இரண்டு டெபியன்களும் இஎஃப்ஐயில் ஒரே கோப்புறையில் எழுதுவதால், பின்னர் நிறுவியதன் கிரப்பே ஆட்சி செய்யும். இந்த வரிசைக்குக் காரணம் அதுதான். டெபியன் 12 முதல், வட்டிலுள்ள பிற அமைப்புகளைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருப்பதால், பட்டியலில் மீட்பு அமைப்பு தென்படாவிட்டால், கிரப் அமைப்புக் கோப்பில் ஓஎஸ்-ப்ரோபரை இயக்கி, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டுங்கள்.

மிச்சமுள்ள 250 ஜிபிக்கு மேற்பட்ட இடத்தைப் பார்த்துக் கை பரபரக்கும், விட்டுவையுங்கள். வால்யூமில் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் பயன்பாட்டில் இருக்கும்போதே எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையை -r விருப்பத்தோடு ஓட்டிப் பெருக்கிவிடலாம், சுருக்குவதற்கோ அதை மவுண்ட் நீக்கியாக வேண்டும், அதாவது பயன்பாட்டிலிருந்து கழற்ற வேண்டும்.

எல்விஎம் தன் அமைப்பு விவரத்தின் நகலை அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி (/etc) அடைவுக்குள் எல்விஎம் கோப்புறையில் எழுதிவைக்கிறது. அந்த ஈடிசி இருப்பதோ ரூட் வால்யூமுக்குள். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அந்தக் கோப்புறையை மீட்பு பார்ட்டிஷனுக்கு நகலெடுங்கள். பின்னொரு நாள், அந்த விவரத்தை மீட்டெழுதும் விஜிசிஎஃப்ஜிரீஸ்டோர் கட்டளை கேட்கப்போவது அதைத்தான்.

கடைசியாக, எல்லாம் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். மீட்பு அமைப்பில் நுழைந்து, விஜிசேஞ்ச் கட்டளையால் வால்யூம்களை உயிர்ப்பித்து, மவுண்ட் செய்வதற்கு முன்பே ஹோமை எஃப்எஸ்சிகே என்னும் பழுது பார்க்கும் கட்டளை கொண்டு சோதித்து, பிறகு படிக்க மட்டும் என்ற நிலையில் மவுண்ட் செய்து, உங்கள் கோப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.