விவிலியத்தின் கடினமான பகுதிகளை வாசிப்பது எப்படி: ஒரு கத்தோலிக்க வழிமுறை

"இந்த வசனத்துக்குத் திருச்சபையின் அதிகாரப்பூர்வ விளக்கம் என்ன?" என்றுதான் பலரும் முதலில் கேட்பார்கள். பெரும்பாலான வசனங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. திரெந்து பொதுச்சங்கம் 1547இல் யோவான் 3:5இல் வரும் தண்ணீர் வெறும் உருவகம் அல்ல என்றது. 1551இல் யோவான் 20:23 ஒப்புரவு அருளடையாளத்தை, அதாவது பாவமன்னிப்பு வழங்கும் சடங்கை, குறிக்கிறது என்றது. இப்படிப் பொருள் வரையறுக்கப்பட்ட வசனங்கள் மிகச் சிலவே என்பதைத் திருத்தந்தை 12ஆம் பயஸ் 1943இல் எழுதிய சுற்றுமடலிலேயே சொல்லிவிட்டார். எஞ்சிய இடங்களில் உழைப்பு வாசகருடையது. அந்த உழைப்புக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கு மாறினால் விளக்கமும் கோணலாகும்.

முதலில், எது உறுத்துகிறது என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். சிக்கல் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். யூதாசின் சாவு மத்தேயு 27:5இல் ஒரு விதமாகவும் திருத்தூதர் பணிகள் 1:18இல் வேறு விதமாகவும் இருப்பது தகவல் முரண். எரிகோ நகரில் இஸ்ரயேலர் சிறியோர், பெரியோர் என்று பாராமல் எல்லாரையும் கொன்றது (யோசுவா 6:21) அறநெறிச் சிக்கல். இறுதி நாள் எப்போது என்பது "மகனுக்கும் தெரியாது" என்று இயேசு சொல்வது (மாற்கு 13:32) கோட்பாட்டுச் சிக்கல். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. எரிகோவின் மதில் உண்மையிலேயே விழுந்ததா என்று அகழாய்வு அறிக்கைகளைத் தேடி அலைபவருக்கு, குழந்தைகள் ஏன் கொல்லப்பட்டார்கள் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்காது.

அடுத்து, வசன எண்ணை மறந்துவிட்டு முன்னும் பின்னும் வாசியுங்கள். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551இல் வந்தவை. இரண்டும் இறைஏவுதலால் வந்தவை அல்ல. "இங்கே நிற்பவர்களுள் சிலர் மானிட மகன் தம் ஆட்சியில் வருவதைக் காணுமுன் சாகமாட்டார்" என்ற மத்தேயு 16:28ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இயேசுவின் கணிப்பு பொய்த்துவிட்டது என்பதற்குச் சான்றாக இதைக் காட்டுவார்கள். ஆனால் அடுத்த வரியே "ஆறு நாள்களுக்குப் பின்" அவர் மலைமேல் தோற்றம் மாறும் நிகழ்ச்சி. நடுவில் 17ஆம் அதிகாரத்தின் எண் விழுந்து கண்ணை மறைக்கிறது. மாற்கில் இதே இரண்டும் 9ஆம் அதிகாரத்துக்குள் 1, 2 என ஒட்டியே நிற்கின்றன. திருச்சபைத் தந்தையர் பலர் தோற்றம் மாறியதையே அந்த வாக்கின் நிறைவாகக் கண்டார்கள். வேறு விளக்கங்களும் உண்டு. ஆனால் இந்த இணைப்பைப் பார்க்காமல் எதையும் பேசத் தொடங்கக் கூடாது.

அடிக்குறிப்புகளையும் தாண்டிப் போகாதீர்கள். மாற்கு 16:9-20, யோவான் 7:53-8:11 ஆகியவை பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் இல்லை என்ற குறிப்பைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். யார் எழுதியது என்பது ஒரு கேள்வி, திருமுறையில், அதாவது திருச்சபை ஏற்ற விவிலியத் தொகுப்பில், சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குத் திருச்சபை எப்போதோ 'ஆம்' சொல்லிவிட்டது.

பிறகு இலக்கிய வகை. ஆசிரியர் எதைச் சொல்ல நினைத்தார் என்று அறிய அவர் கையாண்ட இலக்கிய வகையைப் பார்க்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் 12ஆம் எண் சொல்கிறது. எரிகோ பகுதிக்கே வருவோம். யோசுவா 10:40 "உயிருள்ள அனைத்தும்" அழிக்கப்பட்டதாகச் சொல்கிறது. ஆனால் யோசுவா 13:1 இன்னும் கைப்பற்ற வேண்டிய நிலம் ஏராளம் என்கிறது. நீதித்தலைவர்கள் முதல் அதிகாரம் கானானியர் யார் யார் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று பட்டியல் போடுகிறது. இணைச்சட்டம் 7:2 அடியோடு அழிக்கச் சொல்கிறது, அடுத்த வசனமே அவர்களோடு மணஉறவு கூடாது என்கிறது. அடியோடு அழிந்தவர்களோடு மணஉறவு ஏது?

1868இல் கண்டெடுக்கப்பட்ட மேசா கல்வெட்டு இங்கே உதவும். கி.மு. 9ஆம் நூற்றாண்டின் மோவாபு மன்னன் அதில் இதே நடையில் பேசுகிறான்: பிடித்த ஊரில் எல்லாரையும் கொன்று தன் தெய்வத்துக்குக் காணிக்கையாக்கினானாம், இஸ்ரயேல் என்றென்றைக்குமாக அழிந்ததாம். இஸ்ரயேல் அழியவில்லை என்பது தெரிந்ததே. ஆக, அக்காலப் போர்ப் பதிவுகளில் மிகைபடக் கூறுவது மரபு.

இத்தோடு சிக்கல் தீர்ந்துவிட்டதாக மூட்டை கட்டிவிடாதீர்கள். மிகை என்றே வைத்துக்கொண்டாலும், கட்டளை கடவுளின் வாயில் வைக்கப்பட்டிருக்கிறதே! இதற்கு மரபு ஒரே பதிலைத் தரவில்லை. உயிரின் ஆண்டவர் உயிரை எடுக்கலாம் என்ற வழியில் புனித தோமா அக்குவினாஸ் போனார். பகைவர் என்பது நம் தீய நாட்டங்கள் என்று தொடக்கத் திருச்சபையின் விவிலிய அறிஞர் ஒரிஜென் ஆன்மிகப் பொருள் கண்டார். வெளிப்பாடு வரலாற்றில் வேரூன்றியது, கடவுளின் திட்டம் படிப்படியாகவே துலங்குகிறது, இத்தகைய இருண்ட பகுதிகளைக் கிறிஸ்துவைத் திறவுகோலாகக் கொண்டு வாசிக்க வேண்டும் என்றார் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2010இல். மூன்றில் கடைசியே இன்றைய வாசகருக்குக் கைகொடுக்கும் என்பது எங்கள் கருத்து. அடைபட்ட வழி ஒன்றும் உண்டு: பழைய ஏற்பாட்டின் கடவுளே வேறு என்று அந்த ஏற்பாட்டையே தள்ளிய மார்சியோனின் வழி. 2ஆம் நூற்றாண்டிலேயே திருச்சபை அதை நிராகரித்துவிட்டது.

பகுதியின் பொருள் ஓரளவு பிடிபட்ட பிறகே, அதே 12ஆம் எண் தரும் மூன்று உரைகற்களில் தேய்த்துப் பார்க்க வேண்டும்: விவிலியம் முழுவதன் ஒருமை, திருச்சபையின் வாழும் மரபு, நம்பிக்கை உண்மைகளின் ஒத்திசைவு. மாற்கு 13:32இல் இவை வேலை செய்வதைப் பார்க்கலாம். மகன் தந்தைக்கு இணையானவர் அல்லர் என்று காட்ட ஆரியுசின் ஆதரவாளர்கள் இந்த வசனத்தைத்தான் எடுத்தார்கள். வசனத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த வாதத்துக்கு வலு இருப்பதுபோலவே தோன்றும். வாக்கானவர் கடவுளாகவே இருந்தார் என்னும் யோவான் 1:1ஐ அருகில் வைத்தால் அந்த வாதம் ஆட்டம் காண்கிறது. அவர் முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்ற கால்செதோன் சங்கத்தின் (451) வரையறை எல்லையைக் காட்டுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 474ஆம் எண், திருத்தூதர் பணிகள் 1:7ஐச் சுட்டி, அந்த நாளை வெளிப்படுத்துவது இயேசுவின் பணியில் அடங்கவில்லை என விளக்குகிறது. ஒரு குறிப்பு: மறைக்கல்வி நூலின் பின்பகுதியில் விவிலிய மேற்கோள் அட்டவணை இருக்கும். வசனத்தை அதில் தேடினால் உரிய எண் சில நொடிகளில் கிடைத்துவிடும். இதைப் பயன்படுத்துவோர் குறைவு.

ஆன்மிகப் பொருள் கடைசியில்தான். உருவகப் பொருள், அறநெறிப் பொருள், இறுதிக்காலப் பொருள் என்ற மூன்றும் நேர்ப்பொருளின்மேல் நிற்பவை. நேர்ப்பொருள் கசக்கிறதே என்று நேராக உருவகத்துக்குத் தாவினால் அது விளக்கம் அல்ல, நழுவல். "அந்தக் காலத்துப் பழக்கம்" என்று தள்ளிவிடுவதும் நழுவல்தான், திசைதான் வேறு. தந்தை தாயை வெறுக்கச் சொல்லும் லூக்கா 14:26 போன்றவற்றுக்கு இவ்வளவு பாடும் தேவையில்லை: மத்தேயு 10:37ஐத் திறந்தால் "என்னைவிட மிகுதியாக" அன்புசெய்வது பற்றிய பேச்சு என்று தெரிந்துவிடும்.

சாபத் திருப்பாடல்கள் தனி வகை. 137:9இல் பாபிலோனின் குழந்தைகளைப் பாறையில் மோதச் சொல்வது நாடுகடத்தப்பட்டவனின் கதறல். ஒரு மனிதன் தன் வெறியைக் கடவுள்முன் கொட்டுகிறான்; கடவுள் அதற்கு இசைந்ததாகப் பாடல் எங்கும் சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் சீரமைக்கப்பட்ட திருப்புகழ்மாலையில், அதாவது திருச்சபையின் அன்றாட வேளை மன்றாட்டில், 58, 83, 109 ஆகிய திருப்பாடல்கள் முழுவதுமாக விடப்பட்டன; 137இன் இறுதி வசனங்களும் இல்லை. மன்றாடுவோருக்கு ஏற்படும் உளவியல் இடர்ப்பாடே காரணமாகச் சொல்லப்பட்டது. விவிலியத்தில் அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பழைய இலத்தீன் எண்ணிக்கையைப் பின்பற்றும் நூல்களில் 137ஆம் பாடலை 136இல் தேடவேண்டும்.

விளக்கவுரை வாங்கும்போது ஆயரின் அச்சிட இசைவு இருக்கிறதா என்று பாருங்கள். நம்பிக்கைக்கும் ஒழுக்கத்துக்கும் முரணானது இல்லை என்பதே அதன் பொருள். அதிலுள்ள ஒவ்வொரு கருத்தும் திருச்சபையின் போதனை என்பதல்ல. எழுதியவரின் ஊகத்தைக் கோட்பாடாகத் தூக்கிப் பிடித்து வாதிடுவது இதை மறப்பதால்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் விடை கிட்டாவிட்டால், எந்தப் படியில் சிக்கியது என்று குறித்துவைத்துப் பங்குத்தந்தையிடமோ விவிலிய ஆசிரியரிடமோ போங்கள். "இப்தா தன் மகளைப் பலியிட்டது புரியவில்லை" என்றால் பொதுவான ஆறுதல்தான் கிடைக்கும். "நீதித்தலைவர்கள் 11இல் ஆசிரியர் அச்செயலை ஏற்கிறாரா, வெறுமனே பதிவுசெய்கிறாரா?" என்று கேளுங்கள். அவர் உங்களை 21:25க்கு, நூலின் கடைசி வரிக்கு, கூட்டிப்போவார்: அரசர் இல்லாத அந்நாள்களில் ஒவ்வொருவரும் தமக்குச் சரியெனப் பட்டதைச் செய்தார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது.