மண்குழம்பையே சிமென்ட்டாக்குவது: ஒரு லிட்டர் செய்முறை

திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் கருங்கல்லை அழுத்தக் காற்றின் விசையால் உடைப்பவை. எண்ணெய்க் கிணற்றில் அப்படியில்லை. பென்டோனைட் என்ற, தண்ணீரில் உப்பும் களிமண் கலந்த மண்குழம்பு சுற்றிச்சுற்றி வந்து பாறைத்தூளை மேலே ஏற்றும். துளைத்து முடித்ததும் குழாயை இறக்கி, அந்தக் குழம்பைத் தள்ளிவிட்டுச் சிமென்ட் ஏற்றுவார்கள். தள்ளுகிற குழம்பையே இறுக வைக்கலாம் என்று 1990களின் தொடக்கத்தில் ஷெல் நிறுவனத்தார் செய்து காட்டினார்கள். அதற்கு உதவியது இரும்பு உலையில் மிஞ்சும் ஸ்லாக்.

நான் செய்த அளவு: தண்ணீர் 1 லிட்டர், பென்டோனைட் 50 கிராம், ஸ்லாக் பவுடர் 700, காஸ்டிக் சோடா 20, சோடா ஆஷ் 40. கடைசி இரண்டும் திருப்பூர், ஈரோடு சாயப்பொருள் கடைகளில் கிடைக்கும். ஸ்லாக்குக்கு ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் கேளுங்கள்.

தண்ணீரில் 200 மில்லியை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் பென்டோனைட்டைக் கலக்கி ஒரு இரவு ஊற விடுங்கள். கலக்குவதற்குப் பெயின்ட் கலக்கும் தண்டு மாட்டிய டிரில் மெஷின்தான் என் தேர்வு. கையால் கலக்கினால் கட்டி நிற்கும். பிளாஸ்டிக் வாளி போதும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

இனி என்னை மூன்று முறை கவிழ்த்த இடம். முதல்முறை சாதாரண சிமென்ட்டைக் கொட்டினேன். அதிலுள்ள கால்சியம் பட்டதும் களிமண் திரண்டு, குழம்பு கேழ்வரகுக் களி போலானது. அடுத்து ஸ்லாக் மட்டும் போட்டேன், நாலு நாளாகியும் இறுகவில்லை. ஸ்லாக் தானாக விழிக்காது, காஸ்டிக் போன்ற காரம்தான் அதை எழுப்ப வேண்டும். மூன்றாவதாகக் காஸ்டிக்கை முதலில் விட்டேன், ஸ்லாக்கைக் கொட்டும் முன்பே மறுபடி களி.

சரியான வரிசை இதுதான். லிக்னோசல்ஃபோனேட் வகை பிளாஸ்டிசைசரை (கான்கிரீட்டை இளக்கச் சேர்க்கும் திரவம்) சொட்டுச்சொட்டாக விட்டுக் குழம்பை மோர் பதத்துக்கு இளக்குங்கள். பிறகு ஸ்லாக்கைத் தூவிக் கலக்குங்கள். காஸ்டிக்கையும் சோடா ஆஷையும் முதலிலேயே எடுத்து வைத்த 200 மில்லி தண்ணீரில் தனியாகக் கரைத்து, சூடு ஆறியதும் கடைசியாக ஊற்றுங்கள். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். உடனே அச்சில் ஊற்றிவிடுங்கள்.

இறுகிவிட்டதா என்று மறுநாள் ஆணியால் கீறிப் பாருங்கள். கிணற்றின் ஆழத்தில் சூடு அதிகம், அங்கே சீக்கிரம் இறுகும். நம் வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் அச்சை வைத்தால் நல்லது.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒரு நண்பருக்குக் கட்டி பாளம்பாளமாக வெடித்துவிட்டதாம். வெயிலில் காய வைத்திருக்கிறார். இந்த வகை காய்ந்தால் அதிகம் சுருங்கும். ஒரு வாரம் தண்ணீருக்குள்ளேயே போட்டு வையுங்கள்.