மிட்வைஃப்ரி மாணவிகளைப் பிரசவ வகுப்பு எடுக்கப் பழக்குவது எப்படி?

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த், பிறை பக்கம் கர்ப்பிணிகளுக்கும் அவர்கள் கணவன்மாருக்கும் தமிழில் பிரசவ வகுப்பு நடத்துகிறேன். பயிற்சிக்கு வரும் மிட்வைஃப்ரி (பிரசவம் பார்க்கும் படிப்பு) மாணவிகளை அந்த வகுப்புக்குத் தயார்படுத்துவதும் என் வேலைதான். அவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. பிரசவ அறையில் நிதானமாக வேலை செய்கிற பெண்தான், ஆனால் எட்டு மாத வயிற்றோடு ஒரு தாயும், இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்த அவள் கணவனும் எதிரே உட்கார்ந்ததும் பாடப்புத்தகத்தை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவாள். அதை மாற்றுவதற்கான வழி இது. உடற்கூறு, பிரசவக் கட்டங்கள் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன்.

1. முதலில் கேட்டுவிட்டு வரட்டும்

எடுத்த எடுப்பில் வகுப்பு எடுக்கவிடாதீர்கள். தாய்சேய் கிளினிக்கில் பிங்க் புத்தகத்தோடு (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) காத்திருக்கும் பெண்களிடம் அனுமதி கேட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பயம் என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். "தண்ணி உடைஞ்சுதா, மூத்திரமான்னு எப்படித் தெரியும் மிஸ்ஸி?" "லேபர் ரூமுக்குள்ள இவரை விடுவாங்களா?" "வெட்டித் தையல் போடுவாங்களாமே?" பாடத்திட்டம் அந்த நோட்டிலிருந்துதான் வரவேண்டும்.

2. ஒரு வகுப்புக்கு மூன்றே விஷயம்

எப்போது கிளம்புவது, வலியை எப்படிச் சமாளிப்பது, குழந்தை பிறந்த முதல் ஒரு மணி நேரம். மற்றதெல்லாம் கேள்வி வந்தால் பேசலாம்.

3. பலூனும் பிங்பாங் பந்தும்

எனக்கு ஸ்லைடு பிடிக்காது. பிளாஸ்டிக் இடுப்பெலும்பு பொம்மை நல்லதுதான், ஆனால் கர்ப்பப்பை வாய் திறப்பதை அது காட்டாது. கொஞ்சம் தடிமனான பலூன் ஒன்று, பிங்பாங் பந்து ஒன்று போதும். பலூனை முன்கூட்டியே இழுத்து இளக்கி வையுங்கள். பந்தை உள்ளே தள்ளி, ஒரு சின்ன பம்ளிமாஸ் அளவுக்கு ஊதி, வாயைக் கீழே பிடித்தால் பந்து கழுத்தில் போய் அடைத்துக்கொள்ளும். முடிச்சுப் போட வேண்டாம். பலூன்தான் கர்ப்பப்பை, கழுத்துதான் அதன் வாய், பந்துதான் குழந்தையின் தலை.

பக்கவாட்டில் அழுத்தினால் கழுத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அது பொய் வலி. மேலிருந்து இரண்டு கையாலும் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினால் கழுத்து முதலில் குட்டையாகும், மெலியும், அதற்கப்புறம்தான் திறக்கும்.

மாணவிகள் சிக்குவது இங்கேதான். பதற்றத்தில் ஒரே அழுத்தாக அழுத்துவார்கள், பந்து தெறித்து விழும், எல்லாரும் கை தட்டுவார்கள், ஆனால் யாருக்கும் ஒன்றும் மனதில் நிற்காது. இல்லையென்றால் அழுத்திக்கொண்டே மூச்சுவிடாமல் விளக்குவார்கள். நான் கண்ட வழி, மாணவியின் கையில் பலூனையே கொடுக்காமல் இருப்பதுதான். ஊதியதும் அந்தக் கணவனிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "இப்ப கழுத்து எப்படி இருக்கு?" என்று மட்டும் அவள் கேட்க வேண்டும். அவர் அழுத்துவார், மனைவி குனிந்து பார்ப்பாள். "திறக்கலையே, ஆனா முன்னைக்குக் குட்டையாயிருச்சு" என்று அவளே சொல்வாள். அந்த இடத்தில் மாணவி சொல்லவேண்டியது ஒன்றுதான்: ராத்திரி முழுக்க வலித்தும் 2 செ.மீ.தான் திறந்திருக்கிறது என்று சொன்னால் வலி வீணாகவில்லை, இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டலும் 5 செ.மீ.யிலிருந்துதான் தீவிரக் கட்டம் என்கிறது. மணிக்கு 1 செ.மீ. எல்லாருக்கும் திறந்தே ஆகவேண்டும் என்றும் அது எதிர்பார்ப்பதில்லை.

கேள்வி கேட்டுவிட்டு பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது பழகப் பழகத்தான் வரும். சக மாணவிகளைத் தம்பதிகளாக உட்காரவைத்து, பத்துப் பத்து நிமிடமாக ஒத்திகை பாருங்கள்.

4. வலி

ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் உள்ளங்கையில் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் சும்மா, அடுத்தது மூச்சை மெல்ல வெளியே விட்டபடி. மாணவிகளும் பிடிக்கட்டும். என்டோநாக்ஸ் (வலி குறைய மூச்சில் இழுக்கும் வாயு) பற்றிச் சொல்லும்போது, மாஸ்க்கைத் தாயே பிடிக்க வேண்டும், வலி உச்சத்துக்கு ஏறும்வரை காத்திராமல் ஆரம்பிக்கும்போதே இழுக்க வேண்டும், வேலை செய்ய அரை நிமிடம் போல ஆகும் என்பதை விட்டுவிடக் கூடாது. எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரப்பு ஊசி) கேட்பதோ ஆபரேஷன் ஆவதோ தோல்வி என்கிற தொனி மாணவியின் பேச்சில் துளியும் வரக்கூடாது. இதில் நான் கறாராகவே இருக்கிறேன்.

5. கணவனுக்கும் வேலை கொடுங்கள்

இடுப்பின் அடிப்பகுதியை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பதை அவர் அங்கேயே செய்து பார்க்கட்டும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை மனைவி சொல்லட்டும். அப்படியே லீவு விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்: 2023 ஜனவரி 1 முதல் தாய்க்கு 98 நாள், தந்தைக்கு 7 நாள் சம்பளத்தோடு லீவு. தந்தைக்கு லீவு கிடைக்க, அவர் ஒரே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத் தேதிக்கு 30 நாளுக்கு முன்பே தெரிவிப்பது நல்லது. ஃபேக்டரியில் வேலை செய்யும் பல தந்தைமாருக்கு இது தெரிவதில்லை.

6. "புரிஞ்சுதா?" வேண்டாம்

அப்படிக் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போனதும் அத்தை கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்கப் பழக்குங்கள். இரத்தப்போக்கு, பனிக்குட நீர் பச்சையாகப் போவது, குழந்தையின் அசைவு குறைவது: இந்த மூன்றில் எது வந்தாலும் வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே கிளம்ப வேண்டும் என்பதைத் தாய் தன் வாயால் சொல்லும்வரை அந்தப் பகுதி முடியவில்லை.

பின்னால் சேர்த்தது

ரப்பர் பலூன் சிலருக்கு ஒவ்வாது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். சரியான விஷயம். வகுப்பு தொடங்கும் முன் ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிப்பு வருமா என்று கேளுங்கள். ஒருவர் ஆம் என்றாலும் அன்றைக்குப் பலூனை வெளியே எடுக்காதீர்கள். நீளமான காலுறை ஒன்றில் டென்னிஸ் பந்தைப் போட்டு, வாயை ரப்பர் இல்லாத நூலால் தளர்வாகச் சுருக்கி, மேலிருந்து தள்ளிக் காட்டலாம். பொய் வலியைக் காட்ட முடியாது, திறப்பதைக் காட்ட முடியும்.

எப்போது கிளம்புவது என்பதை எல்லாருக்கும் ஒரேபோலச் சொல்லலாமா என்று இன்னொருவர் கேட்டது இதைவிட முக்கியம். "வலி சீராக வரும்வரை வீட்டில் இருங்கள்" என்று பொதுவாகச் சொல்வது எல்லாருக்கும் பொருந்தாது. பிங்க் புத்தகத்தில் மஞ்சள், சிவப்பு ஒட்டு (ஆபத்து கூடுதல் என்பதற்கான அடையாளம்) இருப்பவர்களும் முன்பு ஆபரேஷன் ஆனவர்களும் எப்போது வரவேண்டும் என்பதை அவர்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் ஒவ்வொருவர் புத்தகத்திலும் ஒட்டின் நிறத்தைப் பார்க்கும் வேலையை இப்போது மாணவியிடமே கொடுத்திருக்கிறேன்.