பழைய ஏர்கன்னில் ரவை சிக்குகிறதா? முதலில் ரவையைப் பாருங்கள்

பொள்ளாச்சியை அடுத்த கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில், பரணில் கிடந்த ஏர்கன்னை இறக்கித் துடைத்ததும் வரும் முதல் புகார் இதுதான்: ரவை பாதி போய் நின்றுவிடுகிறது, குழல் மூடவில்லை, மூடினாலும் 'புஸ்' என்று காற்றுப் போகிறது. ஸ்பிரிங் போச்சு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி ரவைதான். அதற்கடுத்து, குழலின் பின்வாயில் உள்ள வாஷர்.

இங்கே சொல்வது குழலை மடக்கி ரவை போடும் 4.5 மி.மீ. (0.177) வகைக்கு. மடக்கிய குழலை ஒரு கை விடாமல் பிடித்திருக்க வேண்டும். டிரிக்கர் நழுவினால் குழல் எகிறி மூடிக்கொள்ளும். இடையில் விரல் இருந்தால் நசுங்கிப்போகும்.

ரவையைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். பின்பக்கத்து விரிந்த விளிம்பு, அதாவது பாவாடை, நெளிந்தது தள்ளாடி ஓடும், அதை ஒதுக்குங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிச் சாரலில் ஈரம் பட்ட டப்பாவில் ரவை மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அது ஈயத்தின் துரு. துடைத்துப் பயன்படுத்தலாம் என்ற ஆசை வேண்டாம். பொடி மூக்கில் ஏறினால் கெடுதல், டப்பாவோடு விலக்குங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

ரவை கிடைக்காத நாளில் சைக்கிள் பால்ஸைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. பெடலில் வரும் 5/32 அங்குலக் குண்டு 3.97 மி.மீ., குழலில் லொடலொடவென்று ஆடும். முன்சக்கரத்து 3/16 குண்டு 4.76 மி.மீ., உள்ளேயே போகாது. இரண்டும் எஃகு, குழலுக்குள் ரவையைச் சுழலவைக்கும் வரித்தடங்களைச் சுரண்டிவிடும்.

தலைப்பக்கம் முன்னால் இருக்கும்படி ரவையை வைத்து, கட்டைவிரலால் விளிம்பு மட்டத்துக்கு அழுத்துங்கள். பாவாடை துளி வெளியே நின்றாலும் மூடும்போது சீவப்பட்டு, சீவல் வாஷரில் ஒட்டிக்கொள்ளும். தட்டைமுனை ரவை மட்டும் தட்டி நின்று உருண்டைமுனை ரவை வழுக்கிப் போனால், கோளாறு குழலின் பின்வாய் விளிம்பில். பஞ்சுக்குச்சியை விளிம்பில் சுற்றுங்கள். நூல் மாட்டும் இடத்தில் பிசிறு இருக்கிறது. உருண்டைத் தலைப் பித்தளை ஸ்குரூவில் நைசான வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, அந்த விளிம்பில் வைத்து விரலாலேயே பத்துச் சுற்று. டிரில் மெஷின் வேண்டாம். பேஸ்டை மிச்சமில்லாமல் துடைத்தெடுங்கள்.

ரவை சரியாக உட்கார்ந்தும் காற்றுப் போகிறதா? மூடிய இணைப்பின் மேல் டிஷ்யூ பேப்பர்த் துண்டு ஒன்றை வைத்து, ரவையோடு சுடுங்கள். துண்டு பறந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது. பழையதை ஊசியால் நெம்பி எடுத்து, பள்ளத்தின் அகலத்தையும் ஆழத்தையும் வெர்னியரில் அளந்து அதே அளவில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வாங்குங்கள். அது முகப்பை விட ஒரு மயிரிழை எழும்பி நிற்க வேண்டும். அமுங்கி நின்றால் அடியில் தபால் அட்டையில் வெட்டிய வளையம் போதும். அதிகம் எழும்பினால் குழல் பூட்டாது.

எண்ணெய்தான் அதிகம் கெடுப்பது. தையல் மெஷின் எண்ணெயைக் காற்றறையில் விட்டால் அழுத்தத்தின் சூட்டில் டீசல் எஞ்சின் மாதிரி பற்றும். புகையும் வெடிச்சத்தமும் வரும், வாஷர் கருகும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்தே போகும். தோல் வாஷர் உள்ள பழைய பிஸ்டனுக்குச் சிலிக்கான் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். ரவையில்லாமல் சுட்டுப் பார்க்கக் கூடாது. காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேரே மோதி உடையும். மெயின் ஸ்பிரிங்கைக் கழற்ற அதை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். அது இல்லாமல் கைவைக்காதீர்கள்.

கடைசியாக, பழந்துணி திணித்த அட்டைப்பெட்டியின் முகப்பில் தாள் ஒட்டி, பின்னால் மண்மேடு இருக்கும்படி வைத்து, 10 மீட்டரிலிருந்து ஐந்து ரவை சுடுங்கள். மாமரத்துக் கிளியும் மயிலும் குறி அல்ல. 1972 வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு வரும். ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் வேலை முடிந்தது. சிதறினால் குழல் மடங்கும் இடத்து போல்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள்.