காற்றில் சாய்ந்த பெருமரத்தைப் புதிய செயின் சாவால் அறுத்தெடுக்கும் முறை

செங்கோட்டைக்கு மேற்கே, புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் கணவாயின் அடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஆனி, ஆடி மாதங்களில் மரம் சாய்வது புதிய செய்தியன்று. மலையின் அந்த இடைவெளியில் நுழைந்து வரும் தென்மேற்குக் காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. மழையில் மண் இளகிப்போன பழைய மாமரத்தை வேரோடு புரட்டிப் போடுவதும் அதுவே. இருவர் இழுக்கும் ரம்பமும் கோடரியுமாக ஒரு வாரம் நடந்த வேலையை இப்போது ஒரு செயின் சா ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடுகிறது. காற்றுக்காலத்தில் கூலிக்கு மெஷின்காரர் கிடைப்பதும் அரிதாகிவிட்டதால், பலரும் சொந்தமாக ஒன்றை வாங்குகிறார்கள். வாங்கிய அன்றே அடிமரத்தில் கைவைத்துவிடுகிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது.

கீழே கிடக்கும் மரம் நின்ற மரத்தைவிட ஆபத்தில்லாதது என்று தோன்றும்; உண்மை அப்படியன்று. தன் முழு எடையையும் நான்கைந்து கொம்புகளின்மேல் ஊன்றிக்கொண்டு கிடக்கும் மரத்தில், ஒவ்வொரு கொம்பும் எங்கோ ஓரிடத்தில் நெருக்குண்டும் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இழுபட்டும் நிற்கிறது. நெருக்குண்ட பக்கத்தில் அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டை, கவ்வும். இழுபட்ட பக்கத்தில் அறுத்தால் வெட்டு திறக்கும், ஆழம் மிகுந்துவிட்டால் கட்டை வெடித்துப் பிளக்கும். ஆகவே எந்த வெட்டுக்கு முன்பும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் நெருக்கம் எந்தப் பக்கம், இழுப்பு எந்தப் பக்கம்? இதற்கு விடை தெரியாதவரை ஆக்சிலேட்டரை அழுத்தக் கூடாது.

மரத்தை முதலில் ஒருமுறை சுற்றி வாருங்கள். மின்கம்பி மாட்டியிருந்தால், அது செத்த கம்பிதான் என்று யார் சொன்னாலும் அருகில் போகாமல், மின்வாரிய ஆள் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை காத்திருங்கள். பழைய மாமரத்தில் பொந்து இருக்கும். அதில் பாம்போ கடந்தைக் குளவியோ இருக்கலாம் என்பதால், நீண்ட கம்பால் தட்டிப் பார்த்துவிட்டே நெருங்க வேண்டும். ஊஞ்சல் கட்டிய இரும்பு வளையம், வேலிக்கு அடித்த ஆணி, பட்டைக்குள் புதைந்த முள்கம்பி ஆகியவற்றைச் சுண்ணாம்பால் அடையாளம் இடுங்கள். ஓர் ஆணி போதும், புதுச் செயினின் பற்கள் வரிசையாக மழுங்கிவிடும். சந்தனம், ஈட்டி போன்ற மரமாக இருந்தாலோ, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட ஊராக இருந்தாலோ, வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் தொட வேண்டாம். வெட்டிய தடியைக் கணவாய் தாண்டி அனுப்புவதாக இருந்தால், சோதனைச்சாவடிக்கு என்ன சீட்டு வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி இயந்திரம். பெரும்பாலான செயின் சாக்கள் டூ ஸ்ட்ரோக் வகை என்பதால் பெட்ரோலோடு டூ டி ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். 50க்கு 1 என்று கையேடு சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் அளவுக்குப்பி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் உராய்ந்து இறுகிப்போகும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது; அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது, சாரல் ஊரில் சொல்லவே வேண்டாம். எனவே அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும் அன்றே கலப்பதுதான் சரி. செயினுக்கான ஆயில் தனித் தொட்டியில் ஊற்றுவது. பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் அதையும் நிரப்ப வேண்டும். வண்டியில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் மிதக்கும் உலோகத்தூள் பாரின் பள்ளத்தைத் தின்றுவிடும் என்பதால், மிச்சப்படும் காசு புதுப் பாருக்கே போகும். ஆயில் வருகிறதா என்று அறிய, பாரின் நுனியை ஒரு காய்ந்த பலகைக்கு மேலே தொடாமல் பிடித்து இயந்திரத்தை முடுக்கினால், பலகையில் ஆயில் கோடு விழ வேண்டும்.

புதுச் செயின் முதல் நாளில் நீளும். இதைக் கடையில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. இயந்திரத்தை அணைத்து, செயினை ஓடவிடாமல் நிறுத்தும் செயின் பிரேக்கை விடுவித்து, பாரின் மூடித் திருகுகளைத் தளர்த்தி, நுனியை மேலே தூக்கிப் பிடித்தபடி இழுப்புத் திருகை முறுக்க வேண்டும். செயின் பாரின் அடிப்பக்கத்தை ஒட்டி நிற்கவும் வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையின்றி ஓடவும் வேண்டும். முதல் மணி நேரத்தில் நான்கைந்து வெட்டுக்கு ஒருமுறை நிறுத்தி இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கிப் பாரையும் கிராங்கையும் நெருக்கும்.

உடை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: கைலி, தோளில் துண்டு, ரப்பர் செருப்பு மூன்றும் கூடாது. ஓடும் செயின் துணி நுனியைப் பிடித்தால் காலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தலைக்கவசம், கண்ணுக்கு மூடி, கனத்த பூட்ஸ், செயினை நிறுத்தும் நார் வைத்த கால்காப்பு ஆகியவை வேண்டும். இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதுக்கு மூடியும் வேண்டும். காது மூடியவருக்குக் கூப்பிட்டால் கேட்காது. ஆகவே உடன் நிற்கும் ஆளோடு கைச்சைகையை முன்கூட்டியே பேசிவையுங்கள். தனியாக இந்த வேலைக்குப் போகவே வேண்டாம்.

இயந்திரத்தைத் தரையில் வைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடிக்குள் வலது பூட்ஸின் நுனியை அழுத்தி, இடக்கையால் முன்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். ஒரு கையில் தொங்கவிட்டுக் கீழே வீசி இழுப்பது பார்க்க வீரமாக இருக்கும், அதோடு சரி. சோக் முழுக்கப் போட்டு இழுக்கும்போது ஒருமுறை வெடித்து அணைந்தால், சோக்கைக் கையேட்டில் சொன்ன நிலைக்குத் தள்ளி மறுபடி இழுங்கள். அந்த வெடிப்பைக் கவனிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும்.

பிடிக்கும்போது இடக்கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும்; உடம்பு வெட்டுக்கோட்டுக்கு நேராக நிற்காமல் சற்று இடப்பக்கம் விலகியிருக்க வேண்டும். காரணம் உண்டு. பாரின் நுனியின் மேல்பாதி ஏதாவது ஒன்றில் முட்டினால், நொடிக்குள் இயந்திரம் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். முன்கையால் தட்டுப்பட்டோ தானாகவோ செயின் பிரேக் விழுந்து செயினை நிறுத்துவதற்கு முன்பே பார் வந்து சேர்ந்துவிடலாம். மறைந்திருக்கும் மிலாறுகளுக்குள் நுனியை நீட்டுவதும் தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும் இதனால்தான் கூடாது.

முதல் டாங்க் பெட்ரோல் முழுவதையும் கை அளவு தடிமனுள்ள கொம்புகளில் செலவிடுங்கள். அடியிலிருந்து நுனி நோக்கிப் போக வேண்டும். அடிமரத்துக்கு ஒரு பக்கத்தில் நின்றுகொண்டு மறுபக்கத்துக் கொம்புகளை அறுத்தால், மரமே உங்கள் காலுக்கும் செயினுக்கும் நடுவே காவலாக இருக்கும். சரிவான நிலமானால் எப்போதும் மேட்டுப்பக்கம் நில்லுங்கள். தரையில் ஊன்றி மரத்தைத் தாங்கும் கொம்புகளைக் கடைசிவரை விட்டுவையுங்கள். எது தாங்குகிறது, எது சும்மா கிடக்கிறது என்பது தெரியாவிட்டால், கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால் ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். அடிமரத்தின் எடையில் வில்லாக வளைந்து நிற்கும் இளங்கொம்பை ஒரே வெட்டில் துண்டிக்கக் கூடாது. வளைவின் உட்பக்கத்தை மெல்ல மெல்லச் சுரண்டுவதுபோல் அறுத்து, இறுக்கம் தானாகத் தளர்ந்த பிறகே துண்டிக்க வேண்டும். வெட்டிய மிலாறுகளை உடனுக்குடன் இழுத்து அப்புறப்படுத்துங்கள். காலடியில் குவிந்த மிலாறில் தடுக்கி, ஓடும் இயந்திரத்தோடு விழுவதைப் போன்ற அபத்தம் வேறில்லை.

அடுத்தது அடிமரம். இரண்டு முனையும் எதன்மேலோ ஊன்றி நடுப்பகுதி தொங்கினால், மேல்பக்கம் நெருக்கம், கீழ்ப்பக்கம் இழுப்பு. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்து நிறுத்தி, மீதியைக் கீழிருந்து மேலே அறுத்துச் சேர்க்க வேண்டும். ஒரு முனை மட்டும் ஊன்றி மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் தலைகீழ்: முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. கீழிருந்து அறுக்கும்போது பாரின் மேல்விளிம்பு வேலை செய்வதால் இயந்திரம் உங்களைப் பின்னோக்கித் தள்ளும். தொடையில் முட்டுக் கொடுத்து உறுதியாக நில்லுங்கள். இரண்டு மரங்களுக்கிடையே சிக்கிப் பக்கவாட்டில் வளைந்த தடியானால் வளைவின் உட்பக்கமே நெருக்கமான பக்கம். நிற்க வேண்டியதும் அந்தப் பக்கம்தான், ஏனெனில் அறுந்ததும் தடி வெளிப்பக்கம் பாயும்.

நான் வாங்கிய முதல் ஆண்டில் இந்தக் கணக்கைத் தெரிந்தும் சோம்பலில் மீறினேன். இரு முனையும் ஊன்றியிருந்த மாந்தடியை மேலிருந்தே முழுக்க இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். பாதி போனதும் தடி முனகியது. "அண்ணாச்சி, நிறுத்துங்க" என்று உதவிக்கு நின்றவர் கையைக் காட்டினார். அதற்குள் 18 அங்குலப் பாரைத் தடி கவ்விவிட்டது. அப்படிக் கவ்வினால் முறுக்கி இழுக்கக் கூடாது. இயந்திரத்தை அணைத்து, மூடியைக் கழற்றி எஞ்சினைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வெட்டுக்குள் மர ஆப்பை அடித்துத் திறந்து பாரையும் செயினையும் உருவ வேண்டும். எனக்கு அன்று அரை நாள் போயிற்று. அதன் பிறகு, வெட்டின் வாய் சுருங்குவது தெரிந்த கணமே பாருக்குப் பின்னால் ஆப்பைச் செருகும் பழக்கம் வந்தது. ஆப்பு மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனதாக இருக்க வேண்டும்; இரும்பு ஆப்பில் செயின் பட்டால் இரண்டும் கெடும்.

மரம் முழுநீளமும் தரையில் படிந்து கிடந்தால் மண்தான் எதிரி. ஒரே ஒரு நொடி செயின் மண்ணைத் தொட்டாலும் கூர் போய்விடும். வேண்டிய நீளங்களில் எல்லாம் முக்கால் ஆழம் வரை அறுத்துக்கொண்டே போய், பிறகு கடப்பாரையால் தடியைப் புரட்டி, மிச்சத்தை மேலிருந்து அறுப்பது பழகிய வழி. பாரின் நீளத்தைவிடத் தடி பருமனாக இருந்தால், முதலில் ஒரு பக்கத்திலிருந்து அறுத்து, பிறகு மறுபக்கம் போய் அதே கோட்டில் அறுத்துச் சேர்க்க வேண்டும். கோடு பிசகாமலிருக்கத் தடியைச் சுற்றிச் சணலால் ஒரு கட்டுக் கட்டிச் சுண்ணாம்பால் வரைந்துகொள்வது உதவும்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் மிகப் பெரிய ஆபத்து தூரில் இருக்கிறது. மண்ணோடு சுவர்போல் நிமிர்ந்து நிற்கும் அந்த வேர்த்தொகுதியை அடிமரத்தின் எடைதான் பிடித்துவைத்திருக்கிறது. தூருக்கு அருகில் மரத்தை அறுத்த கணமே அது பழையபடி குழிக்குள் சாய்ந்து அமரலாம், அல்லது அறுப்பவர்மீதே முன்னோக்கிக் கவிழலாம். எனவே தூரை ஒட்டி அறுக்காமல், முன்னோக்கிக் கவிழாதபடி முட்டாக நிற்கும் அளவுக்கு அடிமரத்தில் ஓர் ஆள் நீளத்துக்குக் குறையாமல் விட்டுவையுங்கள். குழிக்குள் ஒருவரும், குறிப்பாக வேடிக்கை பார்க்கும் குழந்தைகள், இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வெட்டைத் தொடங்குங்கள். தூரைப் பிறகு ஜேசிபி வைத்துப் புரட்டுவதே புத்திசாலித்தனம். அந்த வாடகையில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம்.

அறுக்கும்போது சீவல் சீவலாக உதிர்ந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவுபோல் தூள் பறந்தாலோ, நீங்கள் அழுத்தினால்தான் இறங்குகிறது என்றாலோ கூர் போய்விட்டது. மாமரம் மென்மையானது, ஆனால் காய்ந்த புளியமரம் மிகக் கடினமானது. கறிக்கடைகளில் கொத்தும் கட்டை புளியங்கட்டையாக இருப்பது சும்மாவா? புளியில் வேலை என்றால் டாங்க் நிரப்பும்போதெல்லாம் அரம் போட வேண்டியிருக்கும். பிட்ச் எனும் கண்ணி அளவு .325 அங்குலமாக உள்ள செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம் பொருந்தும். பெரும்பாலான செயின்களுக்கு 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில், எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் குட்டையானால் வெட்டு கோணலாக ஓடும்.

விறகுக்கானால் ஒன்றரை அடித் துண்டுகள் போதும். பலகைக்கானால் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை மில்லில் கேட்டுவிட்டு, அதற்கு மேல் மூன்று நான்கு அங்குலம் சேர்த்தே அறுங்கள். முனைகள் காய்கையில் வெடிக்கும். மாந்தடியை மழையில் கிடக்கவிட்டால் விரைவிலேயே வண்டு துளைத்துவிடும் என்பதால், அறுத்த வாரத்திலேயே மில்லுக்கு அனுப்புவது நல்லது. இயந்திரத்தை எடுத்து வைக்கும்போது பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரில் மீந்திருப்பதும் தீரும்வரை ஓடவிட்டு அணையுங்கள். பாரின் பள்ளத்தில் அடைந்த மரத்தூளை ஒரு தகட்டால் வழித்துவிட்டு, அடுத்த முறை பாரைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால் இரு விளிம்பும் ஒன்றுபோல் தேயும்.